பத்தொன்பதாம் பேட்சும் ரங்கநாதன் போடாத கையெழுத்தும்

செய்தி வந்தபோது பாலிகஞ்ச் ஸ்டேஷன் வாசலில் ஆட்டோவுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை காலை, எட்டரை மணி இருக்கும். போனில் ரங்கநாதனின் மகள் மிட்டு. கொல்கத்தாவில் பிறந்து வளர்ந்த பெண். எதையும் வங்காளியில் ஆரம்பித்துப் பாதியில் தமிழுக்கு வருவாள். அன்று ஆரம்பத்திலிருந்தே தமிழில் பேசினாள். "ஆன்ட்டி, அப்பா காபி குடிச்சுட்டு நாற்காலியில உக்காந்தார். அப்பறம் எழுந்துக்கவே இல்லை. டாக்டர் வந்து பாத்துட்டார்" என்றாள். அதற்கு மேல் அவளுக்குத் தமிழும் வரவில்லை, வங்காளியும் வரவில்லை.

அவரை அறிந்த உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. "பத்தொன்பதாம் பேட்சில் கையெழுத்துப் போட்டாரா?" என்ற கேள்விதான் வந்தது. இருபத்திரண்டு வருஷம் எனக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்த மனிதர் போய்விட்டார், எனக்கு ஒரு காகிதத்தின் நினைப்பு. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைத் தொடர்ந்து பயம் வந்தது. வெட்கம் அந்த வாரமே போய்விட்டது. பயம் போகவில்லை.

தமிழ்ச் சங்கத்து நண்பர்களாகிய உங்களுக்கு ரங்கநாதனை வேறு மாதிரி தெரிந்திருக்கும். பொங்கல் விழாவில் காஸ் அடுப்புக்குப் பத்தடி தள்ளி நின்றபடி சர்க்கரைப் பொங்கலுக்கு நெய் போதாது என்று சொல்பவர் அவர்தான். மெட்ரோவில் எஸ்கலேட்டர் பக்கமே போகாமல் படியேறி மூச்சு வாங்குபவரும் அவர்தான். பல்லியைக் கண்டால் அறையை விட்டே வெளியேறிவிடுவார். நாங்கள் வேலை பார்த்த ஆய்வகத்தில் எல்லோரும் அவரை ரங்காதா, அதாவது ரங்கா அண்ணா, என்பார்கள். 'பயந்தாங்கொள்ளி' என்ற சொல்லை வங்காளிகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவரேதான். தன்னைக் கேலி செய்ய வாகான சொல் வங்காளியில் இல்லை என்று அவருக்கு எண்ணம். "பொயந்தாங்கொலி ரங்காதா" என்று அவர்கள் உருட்டி உருட்டிச் சொல்லும்போது தாங்க முடியாமல் சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் கொஞ்சம் உறுத்துகிறது.

எங்கள் வேலையை வெளியில் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு பாக்டீரியாவின் மரபணுவில் சில மாற்றங்கள் செய்து, அதற்குக் கரும்புச் சர்க்கரைப் பாகு கொடுத்து வளர்க்கிறோம். அது தன் உடம்புக்குள் ஒருவகை பிளாஸ்டிக்கைச் சேர்த்து வைக்கிறது. அதைப் பிரித்தெடுத்து நூலாக இழுக்கிறோம். அறுவை சிகிச்சையில் தைப்பதற்கான நூல். உடம்புக்குள்ளேயே மெதுவாகக் கரைந்து காணாமல் போய்விடும். ரங்கநாதன் இதைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லும் விதமே வேறு. "சக்கரையை நிறையக் குடுத்து, மத்த சாப்பாட்டைக் கொறைச்சா அதுவும் நம்ம மாதிரி தொப்பை போட்டுடும். அந்தத் தொப்பையைத்தான் நாங்க நூலா இழுக்கறோம்" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டுவார்.

சிரிப்பு அதோடு சரி. அந்த பாக்டீரியாவின் மேல்தோலில் ஒரு விஷம் உண்டு. பாக்டீரியா செத்த பிறகும் விஷம் சாகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. இன்னும் சூடாக்கினால் விஷத்துக்கு முன்னால் எங்கள் நூல் உருகிவிடும். அதனால் திரும்பத் திரும்பக் கழுவியே எடுக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு மிச்சம் இருந்தாலும், அது ரத்தத்தில் கலந்தால் குளிரும் ஜுரமும் வரும், ரத்த அழுத்தம் சரியும். பெரியவர்கள் ஒருவேளை தாங்கலாம். எங்கள் நூலோ குழந்தைகளின் இதயத்தைத் தைப்பதற்கு.

நூலைச் செய்வது என் பொறுப்பு, சோதிப்பது அவருடையது. இரண்டு கையெழுத்து இல்லாமல் எந்த பேட்சும் கட்டிடத்தை விட்டுப் போகாது. சோதனைக்கு வேண்டிய மருந்து குதிரைலாட நண்டு என்ற கடல் பிராணியின் நீல ரத்தத்திலிருந்து வருகிறது. நூலை ஊறவைத்த நீரோடு அதைக் கலந்து, உடம்புச் சூட்டில் ஒரு மணி நேரம் வைத்து, டியூபைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். தண்ணீராக வழிந்தால் சுத்தம். கெட்டித்தயிர் போல உறைந்து அடியில் ஒட்டி நின்றால் விஷம். மருந்துக் குப்பியைத் திறக்கும்போதெல்லாம் ரங்கநாதன் ஒரு நொடி கண்ணை மூடுவார். "ஒரு ஜீவன் ரத்தம் குடுத்திருக்கு. நாம அலட்சியமா பாத்தோம்னா அதுக்குப் பண்ற துரோகம்" என்பார்.

எல்லாம் சரியாக இருந்தாலும் உடனே கையெழுத்துப் போட மாட்டார். என் மேஜைக்கு வருவார். மைப்பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்து, "பயமா இருக்கோ?" என்று கேட்பார். "இருக்கு" என்றால் போடுவார். "இல்லை" என்றால் டக்கென்று மூடியைப் போட்டுவிட்டுப் போய்விடுவார். மறுபடி முழுச் சோதனை. இந்தக் கேள்வியைப் போனில் கேட்க மாட்டார், ஆள் மூலம் கேட்க மாட்டார். முகத்தைப் பார்க்க வேண்டும் அவருக்கு. சில வருஷம் இதை ஒரு கிறுக்கு என்றே நினைத்தேன். அவசரத்தில் "இருக்கு, இருக்கு, போடுங்க" என்று சொன்ன நாட்களும் உண்டு. அன்றைக்கெல்லாம் முகத்தைக் கூடுதலாகக் கொஞ்ச நேரம் பார்ப்பார்.

பதினோராம் பேட்சைப் பற்றி இதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. துர்கா பூஜைக்கு முந்தைய வாரம். வெளியே டாக்கு மேளம் அடிக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தென்காசிக்குப் போக டிக்கெட் எடுத்தாயிற்று. அவர் ஜலதோஷம் என்று இரண்டு நாள் லீவு. சோதனையை நானே செய்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு டியூபில் வேண்டுமென்றே கொஞ்சம் விஷம் சேர்த்து வைப்பது வழக்கம். சோதனை விழித்திருக்கிறதா என்று பார்க்க. பத்து பேட்சிலும் அந்த டியூப் ஒழுங்காக உறைந்திருக்கிறது, பதினொன்றில் மட்டும் என்ன ஆகிவிடும் என்று அதை விட்டுவிட்டேன். மற்ற எல்லா டியூபும் தண்ணீராக வழிந்தன. எனக்கு ஒரே சந்தோஷம்.

லீவு முடிந்து வந்தார். படிவத்தைப் பார்த்தார். பேனா மூடியைக் கழற்றினார்.

"பயமா இருக்கோ?"

"எதுக்குப் பயப்படணும் ரங்கா? எல்லா டியூபும் தண்ணியா ஓடுது. நீங்களே பாருங்க."

"வெஷம் போட்ட டியூப் எங்கே?"

"அது எப்பவும் உறையத்தானே செய்யுது?"

மூடி டக்கென்று விழுந்தது. அவர் கத்தவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு, விஷம் சேர்த்த டியூபைக் கவிழ்த்துக் காட்டினார். அதுவும் தண்ணீராக வழிந்தது. நூலைக் கழுவிய சோப்பு போன்ற ஒரு பொருள் மிச்சம் நின்று சோதனையின் கண்ணைக் கட்டியிருந்தது. அவர் அந்த நீரைப் பல மடங்கு நீர்க்கச் செய்து மறுபடி வைத்தார். அந்த முறை எங்கள் நூலின் டியூபே உறைந்து நின்றது. எத்தனை நேரம் தலைகீழாகப் பிடித்தாலும் அது இறங்கவில்லை. "வெஷத்தைப் போட்டும் ஒண்ணும் தெரியலேன்னா அது நல்ல சேதி இல்லை அகிலா, கண்ணு போயிடுத்துன்னு அர்த்தம்" என்றார். அந்த பேட்ச் போகவேண்டியது சோதனைக்கான முயல்களுக்கு, குழந்தைகளுக்கு இல்லை. அப்படிச் சொல்லித்தான் இத்தனை வருஷம் என்னைத் தேற்றிக்கொண்டு வருகிறேன்.

அன்று மத்தியானம் டிபன் அறையில் அவரிடம் கேட்டேன், இந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று. தயிர்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். இருபத்து நாலு வயதில், நரம்பில் ஏற்றும் குளுக்கோஸ் தண்ணீர் தயாரிக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. மாலைக்குள் லாரி கிளம்பவேண்டும் என்றார்கள். சோதனையை அரைகுறையாகப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் வார்டில் ஒரு மனிதர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கிறார். நடுங்கிய நடுக்கத்தில் இரும்புக் கட்டில் தரையில் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்ததாம். அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். "அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு. கையெழுத்துப் போட்ட அன்னிக்கு எனக்குத் துளி பயம் இல்லை அகிலா. அதான் தப்பு" என்றார். அதற்குப் பிறகு டப்பாவைத் திறக்கவே இல்லை.

இனி பத்தொன்பதுக்கு வருகிறேன். எல்லா அனுமதியும் கிடைத்து, முதல் முறையாக ஒரு குழந்தைக்குப் போகவேண்டிய நூல் அது. பதினான்கு மாதப் பெண் குழந்தை, இதயத்தில் ஓட்டை. அழுதால் உதடு நீலம் பாரித்துவிடும். கரையாத நூல் வளரும் இதயத்தோடு சேர்ந்து வளராது என்று அறுவை மருத்துவர் எங்கள் நூலுக்காகக் காத்திருந்தார். ரங்கநாதன் இறப்பதற்கு முந்தைய நாள், திங்கட்கிழமை சாயங்காலம், எனக்குப் போன் செய்தார். நான் லோக்கல் ரயிலில் நசுங்கிக்கொண்டிருந்தேன். "பத்தொன்பதைப் பத்தி ஒண்ணு கேக்கணும். போன்ல வேண்டாம், நாளைக்கு நேர்ல கேட்டுக்கறேன்" என்றார். சரி என்றேன். அவரிடம் நான் கடைசியாகச் சொன்ன சொல் அது.

தகனம் முடிந்த மறுநாள் புதன்கிழமை அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தேன். படிவம் இருந்தது. உருண்டை உருண்டையான அவர் கையெழுத்தில் எல்லா வரியும் நிரப்பியிருந்தார். நூலின் டியூப்கள் வழிந்தன, விஷம் சேர்த்தது உறைந்தது, எல்லாம் சரி. திங்கட்கிழமைத் தேதிகூடப் போட்டிருந்தார். கையெழுத்துப் போட வேண்டிய இடம் மட்டும் காலி. எல்லாம் சரி என்றால் ஏன் போடவில்லை? எதையோ பார்த்திருக்கிறார். என்னிடம் கேட்க நினைத்தது அதுதான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எங்கேயாவது பென்சிலில் ஒரு புள்ளி வைத்திருக்க மாட்டாரா என்று தேடினேன். ஒன்றுமில்லை.

எங்கள் டைரக்டர் கெட்ட மனிதர் இல்லை, என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். "அகிலாதி, முடிவு அவர் கையாலேயே எழுதியிருக்கிறதே. தர நிர்ணயப் பிரிவிலிருந்து சுபர்ணா வருகிறாள், ஃபார்மாலிட்டிக்கு ஒரு கையெழுத்து, அவ்வளவுதான். அடுத்த வாரம் வியாழக்கிழமை ஆபரேஷன். தேதி தள்ளினால் குழந்தைக்குத் தாங்காது என்கிறார் மருத்துவர்" என்றார். அவர் சொன்னதும் நிஜம். அனுப்பினால் விஷமாக இருக்குமோ என்று பயம், நிறுத்தினால் அந்த உதடு நீலமாகவே நின்றுவிடுமோ என்று பயம். வாழ்க்கையில் அப்படி நான் பயந்தது கிடையாது. ரங்கநாதன் மேல் கோபமாகக்கூட வந்தது. இருபத்திரண்டு வருஷம் தொணதொணவென்று கேட்டவர், இந்த ஒரு நாள் போனில் கேட்டிருந்தால் என்ன குறைந்துவிட்டிருக்கும்?

முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்வதென்று முடிவு செய்தேன். ஒரு வாரம் இருந்தது. சுபர்ணா என் வயதுக்காரி, அதிகம் பேசமாட்டாள், ரங்கநாதனோடு சில வருஷம் வேலை பார்த்தவள். உடனே கோட்டை மாட்டிக்கொண்டாள். நூலை மூன்று இடத்தில் வெட்டி எடுத்தோம், ஊறவைத்தோம், நீர்க்கச் செய்தும் வைத்தோம், செய்யாமலும் வைத்தோம். ஆபரேஷனுக்கு முந்தைய நாள், புதன்கிழமை காலை, டியூபைக் கவிழ்க்கும் நேரம் வந்தபோது என் கை நடுங்கியது. கை நடுங்கினால் உறைந்ததுகூடக் கலைந்து தண்ணீராகிவிடும், விஷமே சுத்தம் போலக் காட்டும். "என்னால் முடியாது, நீ கவிழ்" என்றேன். சுபர்ணா ஒவ்வொன்றாகக் கவிழ்த்தாள். நூலின் டியூப்கள் வழிந்தன. விஷம் சேர்த்தவை மட்டும் உறைந்து நின்றன.

அவள் பேனாவை எடுத்தாள். மூடியைக் கழற்றினாள். என் முகத்தைப் பார்த்து, வங்காளியில், "அகிலாதி, பயமாக இருக்கிறதா?" என்று கேட்டாள். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. மிட்டு போன் செய்த அன்று வராத அழுகை. "ரொம்பப் பயமாக இருக்கிறது" என்றேன். கையெழுத்துப் போட்டாள். திங்கட்கிழமை அவர் என்னிடம் நேரில் கேட்க நினைத்ததும் இந்தக் கேள்விதான் என்று அப்போது தோன்றியது. நான் முன்னால் இல்லாமல் அவர் எந்த பேட்சிலும் கையெழுத்துப் போட்டதில்லையே. ஆனால் அது எனக்கு வேண்டிய பதில். நிஜமான பதில் அவரோடு போய்விட்டது.

வியாழக்கிழமை ஆபரேஷன். அந்த விஷம் காட்டுவதாக இருந்தால் முதல் சில மணி நேரத்திலேயே காட்டிவிடும். நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, போக தைரியம் இல்லை. அலிப்பூர் பக்கம் ஏதோ வேலை இருப்பதாக வீட்டில் சொல்லிவிட்டு, கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை பெஞ்சில் போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் யாரோ இரும்புக் கட்டிலை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அது கடகடவென்று அடித்துக்கொண்டு போனது. காதைப் பொத்திக்கொண்டேன். டீக்கடைக்காரர், "கீ ஹோலோ திதி, என்ன ஆச்சு அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுத் தண்ணீர் கொடுத்தார். நாலு மணிக்கு மருத்துவர் போன் செய்தார். ஜுரம் இல்லை. மறுநாள் காலையும் இல்லை. மூன்றாம் நாள் குழந்தை பால் குடித்தது, அழுதது. உதடு சிவப்பாகவே இருந்தது என்று அவர் சொன்னார்.

ஆய்வகத்தில் எல்லோருக்கும் சந்தேஷ் இனிப்பு வந்தது. டைரக்டர் பேசினார். ரங்கநாதன் படத்துக்கு மாலை போட்டார்கள். மிட்டுவும் அவள் அம்மா லலிதாவும் வந்திருந்தார்கள். அவர் மைப்பேனாவை எனக்குத் தருவதாக லலிதா சொன்னாள். எனக்கு வேண்டாம், சுபர்ணாவிடம் கொடுங்கள் என்றேன். பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

போன வாரம் இருபதாம் பேட்ச் தயாரானது. சோதனை நடந்தது, எல்லாம் சரி. சுபர்ணா படிவத்தோடு என் மேஜைக்கு வந்தாள். அந்த மைப்பேனாவின் மூடியைக் கழற்றினாள், அதே கேள்வியைக் கேட்டாள். நான் சிரித்தேன். "இனிமேல் என்ன பயம்? அதுதான் பத்தொன்பது நன்றாகப் போய்விட்டதே" என்றேன்.

டக்கென்று மூடி விழுந்தது. சுபர்ணா படிவத்தை எடுத்துக்கொண்டு, கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். எதிர் மேஜை காலியாக இருந்தது. பதினோராம் பேட்சின் அந்தக் காலையில் நான் பேசியதும் இதே குரலில்தான், இதே சிரிப்போடுதான் என்பது அப்போதுதான் உறைத்தது. அந்தப் பழைய பயம் மெதுவாகத் திரும்பி வந்தது.

நண்பர்களே, அவருடைய பேனா சுபர்ணாவிடம் இருக்கிறது, மூக்குக் கண்ணாடியை மிட்டு வைத்திருக்கிறாள். என் பங்குக்கு நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பயத்தைத்தான். அன்று அது திரும்பி வந்ததும் எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு, சுபர்ணாவோடு சேர்ந்து இருபதாம் பேட்சை முதலிலிருந்து சோதிக்கப் போனேன்.